சிறப்பு விருந்தினர், எண் ஏழு

சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கடலூர் மாவட்டத்தில் இரண்டு கண்டம் உண்டு. ஒன்று, முதுநகர்ப் பக்கம் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருகிற லாரி. அதற்குத் தப்பித்துவிடலாம், இடது பக்கம் மண்ணில் இறங்கி நின்றால் போதும். இன்னொன்று, கடலூர் மாவட்ட மிதிவண்டி வீரர்கள் ஊக்குவிப்பு மற்றும் பாராட்டுக் கழகம். அதற்கு ஒதுங்கி நிற்க இந்த ஜில்லாவில் மண்ணே கிடையாது. ஆரோக்கிய ஜெகன் லாரிகளுக்குப் பதினைந்து வருஷம் தப்பித்தவன். கழகத்திடம் ஒரே நாளில் மாட்டிக்கொண்டான். அவன் செய்த குற்றம், ஜெயித்தது.

ஜெகனுக்குச் சைக்கிள் ஓட்டுவதுதான் உத்தியோகம். இப்படி ஓர் உத்தியோகம் உண்டு என்பதை அவன் மாமியார் வீட்டில் இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை. கோயம்புத்தூர் அணி ஒன்று அவனை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. தேவனாம்பட்டினத்தில் இருந்தபடி பயிற்சி செய்வான், பந்தயத்துக்குப் போவான், பத்தாவதோ பன்னிரண்டாவதோ வருவான், வீடு திரும்பி மீன் குழம்பு சாப்பிடுவான். யாருக்கும் தொந்தரவில்லாத வாழ்க்கை. போன வருஷம் ராஜஸ்தானில் நடந்த தேசியச் சாலைப் பந்தயத்தில்தான் விபரீதம் நடந்தது. நூற்று நாற்பது கிலோமீட்டர் முடிய முந்நூறு மீட்டர் இருக்கும்போது, முன்னால் போன இரண்டு பேர் நீயா நானா என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தில் இவன் புகுந்து முதலாவதாக வந்துவிட்டான்.

கழகம் ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருஷமும் பாராட்ட ஆள் கிடைக்காமல், வெறும் இரங்கல் தீர்மானங்களாகப் போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசியில் இருந்த மனிதர்கள் முன்னால் ஜெகன் ரயிலை விட்டு இறங்கினான். அப்புறம் கேட்க வேண்டுமா?

தலைவர் சுப்புராயன், பந்தலும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவர். சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. "எனக்கு சைக்கிள் ஓட்ட வராதுங்க. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது" என்று முதல் விழாவிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். செயலாளர் தமிழ்மணி ஓய்வு பெற்ற குமாஸ்தா. கழகத்தின் விதிப் புத்தகத்தைத் தானே எழுதி, தானே திருத்தி, எந்நேரமும் கக்கத்தில் வைத்திருப்பவர். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஜெகனைத் திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். ஜெயித்த சைக்கிளை அவனிடமிருந்து வாங்கி, மாலை போட்டு, மஞ்சக்குப்பத்தில் இருந்த கழக அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மேலே ஒரு மஞ்சள் பல்பும் போட்டுவிட்டார்கள்.

பிறகு விழாக்கள். ஒரு வருஷத்தில் அறுபத்து மூன்று. பண்ருட்டியில், நெல்லிக்குப்பத்தில், சிதம்பரத்தில் மூன்று தடவை. அவை தீர்ந்ததும் ஊரே அவனைக் கூப்பிட ஆரம்பித்தது. டிபன் கடைத் திறப்பு, காதுகுத்து, பங்குக் கோயில் தேர்த் திருவிழா, திருவதிகையில் ஒரு மாவு மில். எங்கே போனாலும் ஒரு பொன்னாடை, ஒரு தட்டுக் கேசரி, "நம் மண்ணின் மைந்தர்" என்று ஒரு மணி நேரம்.

முழுப் பழியையும் கழகத்தின் தலையில் போட்டுவிடலாம்தான். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே. ஜெகனுக்கு அது பிடித்திருந்தது. பொன்னாடை போர்த்த வருகிறவரைப் பார்த்து "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்" என்று ஒரு கையால் மறுத்துக்கொண்டே, கழுத்தை மட்டும் சரியான கோணத்தில் நீட்டிக் கொடுக்கிற வித்தையைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினான். ஆறு மணி விழாவுக்கு ஏழு மணிக்குப் போனால்தான் மரியாதை என்று கற்றுக்கொண்டான். பேசத் தெரியாதவன் ஐந்து நிமிடம் பேசினான், பிறகு பதினைந்து, பிறகு முக்கால் மணி. தண்ணீர் குடிக்க நிறுத்துகிற இடத்தில் கைதட்டல் வரும்படி பேசவும் வந்துவிட்டது. வராமல் போனது ஒன்றே ஒன்றுதான், அது சைக்கிள்.

அடுத்த பந்தயத்தில் நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொன்றாவதாக வந்தான். பின்னால் வந்த இரண்டு பேரும் வழியில் வாய்க்காலில் விழுந்து எழுந்து வந்தவர்கள். கோயம்புத்தூர் அணி மேலாளர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். இந்த ஆண்டு தேசியப் பயிற்சி முகாமுக்குத் தேர்வாகி வந்தால் ஒப்பந்தம் நீடிக்கும். இல்லையென்றால் வாழ்த்துகள்.

அவன் மனைவி ஆரோக்கிய அனிதா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கடிதத்தைப் படித்தவள் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எடை இயந்திரத்தில் ஏற்றினாள்.

"எழுவத்தி நாலு. போன வருஷம் அறுவத்தி ஒண்ணு. இந்தப் பதிமூணு கிலோவும் கேசரிதாங்க."

"நான் இன்னா பண்றது அனிதா? அவுங்க கூப்புடறாங்க, போத்தறாங்க."

"அவுங்க போத்துனா நீங்க ஏங்க குனியிறீங்க?"

முக்கால் மணி நேரம் பேசத் தெரிந்தவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் கழக அலுவலகத்துக்குப் போய்ச் சைக்கிளைக் கேட்டான். சுப்புராயன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, அது நேஷனல் ஜெயிச்ச வண்டி. அதுல ஏறி ஓட்டுனா அழுக்காயிடாது?"

"ஓட்டறதுக்குத்தானங்க ஐயா சைக்கிள்."

"மத்தவங்களுக்கு. ஒங்களுக்கு அது வரலாறு." கண்ணாடியில் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். "நீங்க கவலப்படாதீங்க. ஒங்க வேகத்த நாங்க மீட்டுத் தரோம். அதுக்குத்தான கழகம் இருக்கு?"

அந்த வாரமே பதினோரு பேர் கொண்ட வேக மீட்புக் குழு அமைக்கப்பட்டது. அமைத்ததற்கு ஒரு விழா. குழுவில் ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவர் புல்லட்டில் மட்டும் வருவார், ஒருவர் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அத்தோடு விட்டவர். அவரைத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆக்கினார்கள். அவர் ஒருவருக்குத்தான் அனுபவம் இருந்தது.

முதல் கூட்டத்தில் வடையும் தோல்விக்கான காரணமும் ஆராயப்பட்டன.

"தம்பி ஏன் தோத்தாரு?" என்று தலைவர் கேட்டார்.

"ஊக்கம் பத்தலைங்க" என்றார் தமிழ்மணி.

"போன மாசம் எத்தினி விழா வச்சோம்?"

"ஒம்போது. அதுக்கு முந்தின மாசம் பதினாலு."

"பாத்தீங்களா, கொறச்சிட்டோம்! தப்பு நம்ம மேலதான்." தலைவர் கண் கலங்கினார். "இனிமே அந்தத் தப்பு நடக்காது தம்பி."

"ஐயா, எனக்கு விழா வேணாம்" என்றான் ஜெகன். "தெனம் நூறு கிலோமீட்டர் ஓட்டணும், அவ்ளோதான். ஓட்டுனா தானா வந்துடும்."

பதினோரு பேரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தொழில்நுட்ப ஆலோசகர்தான் பேசினார். "ஓட்டறதெல்லாம் கடைசில பாத்துக்கலாங்க. மொதல்ல மனசு தயாராவணும்."

ஆனாலும் அவன் சொன்னதற்கு மதிப்புக் கொடுத்து, கழகத்தின் சார்பில் ஒரு பயிற்சி ஓட்டம் ஏற்பாடு செய்தார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து நெல்லிக்குப்பம் வரை. முன்னால் தலைவரின் ஜீப், அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கி. பின்னால் மச்சான் ராபர்ட்டிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் ஜெகன். ஒவ்வொரு தெருவுக்கும் அறிவிப்பு முழுசாகக் கேட்க வேண்டும் என்பதால் ஜீப் ஆள் நடக்கிற வேகத்தில் போயிற்று. ஜெகன் ஓரமாக ஒதுங்கி முன்னேறப் பார்த்தான். ஜீப்பிலிருந்து தமிழ்மணி விதிப் புத்தகத்தை ஆட்டினார். "தம்பி, விதி பதினாலு! தலைவர் வண்டிய யாரும் முந்தக் கூடாது!" கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் கேன் தொங்க ஒரு பால்காரர் மணியடித்துக்கொண்டு எல்லோரையும் முந்திப் போனார். அவர் கழகத்தில் உறுப்பினர் இல்லை, விதி அவரைக் கட்டாது. ஒலிபெருக்கி அவரை வருக வருக என வரவேற்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜெகன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அனிதாவின் தம்பி ராபர்ட், துறைமுகத்துப் பக்கம் சைக்கிளும் படகு எஞ்சினும் பழுது பார்க்கிற மெக்கானிக், பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, பழைய சாமானெல்லாம் சேத்து நான் ஒரு வண்டி பூட்டித் தரேன். விடிகால நாலர மணிக்குக் கெளம்பிடுங்க. கழகம் எட்டு மணிக்கு முன்ன எந்திரிக்காது."

"ரோட்ல எவனாச்சும் பாத்து செல்பி கேட்டு நிறுத்திடறாண்டா மச்சான். போன வாரம் காரைக்காட்டுல நாலு எடம்."

வழி சொன்னவள் அனிதாதான். பின்னால் ஒரு ஐஸ் பெட்டி, இடுப்பில் லுங்கி, தலையில் துண்டு. மீன் விற்கப் போகிறவனிடம் எவன் செல்பி கேட்பான்?

எவனும் கேட்கவில்லை. ஆனால் வண்டிப்பாளையத்துப் பெண்கள் வழி மறித்தார்கள். "ஏம்பா, வஞ்சிரம் கீதா?" என்பார்கள். இல்லை என்று சொல்லிப் பறப்பான். பத்து நாளில் தெருவில் கெட்ட பெயர் வந்துவிட்டது. "தெனம் போறான், ஒருநாளும் மீனு இருக்க மாட்டேங்குது. இவ்ளோ வேகமா போறான், இன்னா யாவாரமோ!" வெறுத்துப்போய் மூன்றாவது வாரம் இரண்டு கிலோ நெத்திலி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் நிம்மதியாக ஓட்டினான்.

கால் எரிந்தது. மூச்சு வாங்கியது. தேசிய வீரர், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்து வாந்தி எடுத்தார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. எழுபத்து நாலு அறுபத்தாறுக்கு இறங்கியது. பழைய வேகம் முழுசாக வரவில்லை, வாசல் வரை வந்து நின்றது.

முகாமுக்கான தேர்வுப் பந்தயத்தை நடத்தும் பொறுப்பு, யார் செய்த பாவமோ, கழகத்துக்கே வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து சிதம்பரம் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்பது பேர் போட்டி, இடம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயம். ஜெயித்தவர் அன்று மதியம் ஒரு மணிக்குச் சிதம்பரத்தில் ரயில் ஏறினால்தான் இரவு சென்னையில் டெல்லி ரயிலைப் பிடித்து, செவ்வாய்க்கிழமை முகாமில் ஆஜராக முடியும். அவர் ஆஜராகாவிட்டால் இரண்டாவதாக வந்தவரை அழைப்பார்கள்.

அழைப்பிதழ் வந்தது. கொடியசைத்துத் தொடக்கி வைப்பவர்: தேசிய வீரர் ஆரோக்கிய ஜெகன். பங்கேற்போர், எண் ஏழு: ஆரோக்கிய ஜெகன். பரிசளித்துச் சிறப்புரை: தேசிய வீரர் ஆரோக்கிய ஜெகன்.

ஓடிப்போய்த் தமிழ்மணியைப் பிடித்தான். "ஐயா, நானே ஓட்டறேன். நானே எப்பிடி கொடி ஆட்டறது?"

"ரெண்டும் வேற வேற அயிட்டம் தம்பி. ஆறு மணிக்கு கொடி. ஆறு மணிக்கு போட்டி. நேரம் ஒண்ணா இருந்தாலும் அயிட்டம் வேற."

"வேற யாரையாச்சும் ஆட்டச் சொல்லலாமே?"

"அழைப்பிதழ் அச்சாயிடுச்சே" என்றார் தமிழ்மணி. கர்த்தரே வந்து கேட்டாலும் இதற்கு மேல் பேச்சில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது.

ஜெகன் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரே அழைப்பிதழில் தன் பெயர் மூன்று இடத்தில் வந்திருப்பதை வீட்டுக்கு வருகிற வழியில் எண்ணிப் பார்த்தான், எண்ணும்போது கொஞ்சம் இனித்தது. இப்படிப்பட்ட மனிதனைக் கழகம் பிடித்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் மேடை. கீழே எட்டு பேர் சைக்கிளில் குனிந்து நிற்க, எண் ஏழின் சைக்கிளை ராபர்ட் பிடித்துக்கொண்டு நின்றான். மேடையில் ஜெகன், மார்பில் எண் ஏழு, தோளில் பொன்னாடை, கையில் கொடி. மாநிலத்திலிருந்து வந்த நடுவர் கடிகாரத்தோடு நின்றார். ஜெகன் கொடியை அசைத்தான். எட்டு பேரும் பறந்தார்கள். நடுவர் கடிகாரத்தை அமுக்கினார். ஜெகன் படியில் கால் வைத்தான்.

"சார், சார், இன்னொரு தடவ! கண்ண மூடிட்டீங்க" என்றார் புகைப்படக்காரர். இன்னொரு தடவை அசைத்தான். வீடியோவுக்கு ஒரு தடவை. தலைவரும் கொடியின் நுனியைப் பிடித்தபடி ஒரு தடவை. யாருமில்லாத சாலையைப் பார்த்து நான்கு தடவை கொடியசைத்துவிட்டு, பொன்னாடையைக் கழற்றித் தமிழ்மணியின் தலையில் போட்டுவிட்டுக் குதித்தான். அவன் மிதிக்கத் தொடங்கியபோது கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருபது வினாடி ஓடியிருந்தது.

கோபத்தில் மிதித்தான். யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, பாதிக்கு மேல் தன் மேல்தான். முதுநகர் பாலம் தாண்டி ஒருவனைப் பிடித்தான், காரைக்காட்டில் இரண்டு பேரை. ஆலப்பாக்கத்தில் வாந்தி எடுத்த புளியமரத்தைப் பார்க்காமலே போனான். புதுச்சத்திரம் அருகில் வேறு குறுக்கு வழியில் வந்து சாலையில் ஏறிய தலைவரின் ஜீப், சிதம்பரத்து மேடைக்காக முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஜெகன் அதையும் முந்தினான். "தம்பி! விதி பதினாலு! தலைவர் வண்டி!" என்று ஒலிபெருக்கி பின்னால் அலறி அலறித் தேய்ந்தது. ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவனுக்குக் கால் இருப்பது தெரிந்தது. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அடடா, இதை விட்டுவிட்டா கேசரி தின்றுகொண்டிருந்தோம் என்றிருந்தது.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏழாவது ஆளைத் தாண்டினான். பாலத்தின் அந்தக் கோடியில் நீலச் சட்டை போட்ட ஒருவன் போய்க்கொண்டிருந்தான். அவனை மட்டும் பிடிக்க முடியவில்லை.

நீலச் சட்டை கதிர்வேல். கம்மாபுரத்துக்காரன், வயது முப்பத்தொன்று. நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. வேலைக்குப் போக வர சைக்கிள்தான். அவனுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் எட்டு வினாடி. ஜெகனுக்கு, கொடி விழுந்த நேரத்திலிருந்து, ஒரு மணி ஒன்பது நிமிடம் முப்பத்தொன்பது வினாடி. ஜெகன் மூச்சு அடங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தான். மேடையில் போன நான்கு நிமிடம் இருபது வினாடியைக் கழித்தான். அப்போதும் பதினோரு வினாடி தோல்வி. அந்தப் பதினோரு வினாடியைக் கழகத்தின் மேல் போட முடியாது. அது அவன் சொந்தச் சம்பாத்தியம், அவனே குனிந்து குனிந்து வாங்கிச் சேர்த்தது.

"ஒங்களுக்குப் பயிற்சியாளர் யாருங்க?" என்று கதிர்வேலிடம் கேட்டான்.

"ஷிப்டுதான் சார்" என்றான் கதிர்வேல். "லேட்டானா உள்ள வுட மாட்டாங்க."

சிதம்பரத்தில் ஒரு திருமண மண்டபத்து வாசலில் பந்தல். ஏழே காலுக்கு முடிந்த பந்தயத்துக்குப் பத்தரைக்குப் பரிசளிப்பு விழா தொடங்கியது. மேடை நடுவில் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் ஜெகன். கீழே முதல் வரிசையில் தனி நாற்காலியில், கழுத்து மறைய மாலையோடு, கதிர்வேல். வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை. பரிசுக் கோப்பையை ஜெகன் கொடுத்தான். பிறகு தமிழ்மணி மைக்கில் அறிவித்தார். கதிர்வேலுக்கு மதியம் நான்கு வீதிகளிலும் திறந்த ஜீப்பில் ஊர்வலம். மாலை கம்மாபுரத்தில் விழா. தொடர்ந்து ஒன்பது நாள் ஒன்பது ஊர். அவருடைய சைக்கிள் இன்றே கழக அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.

ஜெகன் தமிழ்மணியின் பக்கம் சாய்ந்தான். "ஐயா, அவரு ஒரு மணிக்கு ரயில் ஏறணுமே?"

"முகாமுக்கு ஒரு கடுதாசி போட்டுக்கலாம் தம்பி." தமிழ்மணி குரலைத் தாழ்த்தினார். "அவுங்க ஒத்துக்கலன்னா இன்னா, ரெண்டாவது நீங்கதான? ஒங்களுக்குத்தான் நல்லது."

ஜெகனுக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. முகாம், ஒப்பந்தம், எல்லாம் தானாக நடந்துகொண்டிருக்கிறது. அவன் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அதில்தான் அவனுக்கு ஒரு வருஷப் பயிற்சி. வெட்கமில்லாமல் ஐந்து நிமிடம் சந்தோஷப்பட்டான். கொடியசைக்க வைத்து என் நேரத்தைத் தின்றார்களே, அதற்கு இது சரியாய்ப் போயிற்று என்று ஒரு நியாயமும் தயார் செய்துகொண்டான்.

அப்போது கதிர்வேல் மேடையோரம் வந்து நின்றான். "சார், ஒரு மணி வண்டிய வுட்டா நான் போய்ச் சேர முடியாது. கேட்டா, பெரியவங்க மேடையில இருக்கறப்ப எந்திரிச்சிப் போறது மரியாத இல்லங்கறாங்க. நீங்க பெரியவரு, ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

ஜெகன் அவனைவிட மூன்று வயது சின்னவன். சார் என்றதும் பெரியவர் என்றதும் முகத்தில் அறைந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒன்பதை ஐந்தாகக் குறைத்து, குறைத்ததற்கு ஒரு விழா எடுப்பார்கள். மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. ராபர்ட்டைக் கூப்பிட்டான்.

"மச்சான், நான் பேச எந்திரிச்சதும் அந்த ஆளையும் வண்டியையும் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போ. வண்டிய லக்கேஜ்ல போட்டு அனுப்பு."

"மாமா, அவரு போயிட்டா ஒங்களுக்கு…"

"தெரியுண்டா. போ."

சிறப்புரைக்கு அழைத்தார்கள். ஜெகன் மைக்கைப் பிடித்தான். மேடையில் ஒரு மரபு உண்டு: பாராட்டப்படுகிறவன் எழுந்து போக முடியாது. கைகூப்பி, தலை குனிந்து, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இதை ஜெகனைவிட நன்றாக அறிந்தவன் கடலூர் மாவட்டத்தில் கிடையாது.

"நம்ம தலைவர் ஐயாவப் பத்தி முப்பது நிமிஷமாச்சும் பேசணும்" என்று ஆரம்பித்தான். சுப்புராயன் கைகூப்பினார். "சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரு மனுஷன் சைக்கிளுக்காக இவ்ளோ செய்யிறாரு. தெரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? ஓட்டிக்கிட்டுப் போயிருப்பாரு, நமக்குக் கெடச்சிருக்க மாட்டாரு." பலத்த கைதட்டல். சுப்புராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே ராபர்ட் கதிர்வேலின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினான். தமிழ்மணி அதைப் பார்த்துப் பாதி எழுந்தார். "செயலாளர் ஐயா!" என்றான் ஜெகன். தமிழ்மணி கைகூப்பி உட்கார்ந்தார். "விதி பதினாலு எழுதுன கை அது. தலைவர் வண்டிய யாரும் முந்தக் கூடாது. அந்த விதிய மதிச்சதாலதான் நம்ம மாவட்டத்துல இருவத்திரண்டு வருஷம் ஒருத்தரும் ஜெயிக்கல." தமிழ்மணி நெகிழ்ந்துபோனார். தொழில்நுட்ப ஆலோசகர் எழுந்தபோது, அவர் சின்ன வயதில் விழுந்த கதையைக் கால் மணி நேரம் சொன்னான். மீதி எட்டு உறுப்பினர்களையும் பெயர் சொல்லி, தகப்பனார் பெயர் சொல்லிப் பாராட்டினான். எவர் அசைந்தாலும் அவரைப் பிடித்துக்கொண்டான்.

ஆள் தீர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிடம் வேண்டும். மிச்சம் இருந்தது அவன் மட்டும்தான்.

"வேகம் எப்பிடிப் போச்சுன்னு எல்லாரும் கேக்கறீங்க. யாரும் புடுங்கல, நானே குடுத்தேன். இந்தக் கழுத்தப் பாருங்க. ராஜஸ்தான்ல நூத்தி நாப்பது கிலோமீட்டர் முன்னப் பாத்துக்கிட்டு வந்த கழுத்து. ஊருக்கு வந்து அறுவத்தி மூணு தடவ குனிஞ்சுது. வேணாம் வேணாம்னு கையி சொல்லும், கழுத்து கேக்காது. இன்னிக்கு என்னைய ஜெயிச்சவருக்கு எந்தக் கோச்சும் கெடையாது. அவரு வேலைக்குப் போனாரு, நான் விழாவுக்கு வந்தேன். அவ்ளோதாங்க வித்தியாசம்."

கூட்டம் இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டியது. அவன் செல்பேசியில் ராபர்ட்டின் செய்தி வந்தது. ஆள் ஸ்டேஷனில், வண்டி லக்கேஜில், ரயில் முக்கால் மணி தாமதம். அதுவரைக்கும் இழுக்கப் பாராட்டவும் திட்டவும் ஆள் மிச்சமில்லை. ஜெகன் வணக்கம் சொல்லி உட்கார்ந்தான்.

அப்புறம்தான் நாற்காலி காலியாக இருப்பதைக் கழகம் பார்த்தது. கொஞ்ச நேரம் சலசலப்பு. ஸ்டேஷனுக்கு ஓடலாம் என்றார் ஒருவர். ரயில் நேரம் ஒரு மணி என்று அட்டவணையில் இருக்கிறது, மணி ஒன்று பத்து, ஆகவே ரயில் போய்விட்டது என்று தமிழ்மணி தீர்ப்புச் சொன்னார்.

"யார ஜீப்புல ஏத்தறது?" என்றார் சுப்புராயன், குரல் உடைந்து.

தமிழ்மணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஊர்வலம்னுதான் அயிட்டம் இருக்குது. ஆளுன்னு தனியா ஒண்ணும் போடல."

நாற்காலியை ஜீப்பில் ஏற்றினார்கள். அது தலைவரின் சொந்த நாற்காலி. அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதுகில் நன்றாகப் பொருந்தியது. மாலை போட்டார்கள். "கண்ண மூடாம நல்லா விழுந்திருக்குது" என்று புகைப்படக்காரர் திருப்திப்பட்டார். மேளம் முழங்க ஊர்வலம் கிளம்பியது. ஜெகன் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷம் அந்த ஜீப்பில் போனதும் நாற்காலிதான், என்ன, அந்த நாற்காலிக்குப் பதிமூன்று கிலோ கூடிவிட்டது. வெட்கத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்தான்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் சிரிப்பு நின்றுபோனது. முகாம் போனது, ஒப்பந்தம் போனது. நாளை முதல் என்ன செய்வது என்று தெரியாது. மேடையில் நல்லவனாக இருப்பது சுலபம், வெயிலில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தனியாக வரும்போதுதான் வலிக்கிறது. கொஞ்ச தூரம் அழுதுகொண்டே மிதித்தான். எதிர்க்காற்றில் தானாகக் காய்ந்தது.

ஆலப்பாக்கம் நெருங்கும்போது பின்னால் ஹாரன். லாரி என்று மண்ணில் இறங்கப் பார்த்தான். லாரி இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது. கதவோரம் நீலச் சட்டை நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டியது. பிடிடா கம்பியை, விழுந்து தொலைக்கப் போகிறாய் என்று ஜெகன் கத்தினான். பிறகு என்ன தோன்றியதோ, இருக்கையை விட்டு எழுந்து, குனிந்து, ரயிலோடு மிதிக்க ஆரம்பித்தான்.

சட்டைப் பையில் செல்பேசி அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"எங்கங்க இருக்கீங்க?" என்றாள் அனிதா. "ராபர்ட்டு எல்லாம் சொல்லிட்டான்."

"ஆலப்பாக்கம். ரயிலு கூட ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. "ஜெயிக்கிறீங்களா?"

"எங்க? தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் ஜெகன், மூச்சு வாங்க. "ஆனா இன்னும் கடைசிப் பெட்டி போவல. போனை வை, அனிதா."